ஐந்தாம் தீக்கு முதல் நாள்

யுத்தம் முடிந்த பிறகு வந்த ஐந்தாவது ஆடி மாதம். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் தீமிதிப்புக்கு முதல் நாள், மத்தியானம் திரும்பிய நேரம். அன்று கடற்கரையில் யார் யார் நின்றார்கள் என்று இப்போது கேட்டாலும் என்னால் சொல்ல முடியும். கரைவலை இழுப்பவர்களுக்குத் தலைவரான மண்டாடி நின்றார். அவருடைய மகனும் மருமகனும் நின்றார்கள். என் அம்மாவின் அண்ணனான மாமாவும், மாமியும் நின்றார்கள். கோயில் பந்தலுக்கு ஓலை கட்டிவிட்டுக் காற்று வாங்க வந்த ஆண்கள் கொஞ்சப் பேர், என் அம்மா, இன்னும் சில பெண்கள், நான். அத்தனை பேருடைய கையிலும் மஞ்சள் காப்பு இருந்தது.

நிற்காதவர்களையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் காப்புக் கட்டாத ஆண்கள் ஒருவர்கூட ஊரில் இல்லை. தீக்குழிக்கு விறகு ஏற்றி வர அவர்கள் எல்லோரும் லொறியில் வண்ணாத்திவில்லுப் பக்கம் போயிருந்தார்கள். மாமாவின் ஒரே மகனான என் மச்சானும் இல்லை. அவர் எங்களோடு இல்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

எங்கள் ஊரைத் தேடிக்கொண்டு யாரும் வருவதில்லை. உடப்பைத் தாண்டி, கடலுக்கும் உப்புத் தண்ணீர்க் களப்புக்கும் நடுவில் கிடக்கிற ஒரு மணல் துண்டு அது. ஒரு பக்கம் நாங்கள் கரைவலை இழுக்கிற கடல். மறுபக்கம் யாரோ வெளியூர்க்காரர்களின் இறால் பண்ணைகள். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். மாரியில் களப்பு பெருகினால் அதுவும் இல்லை. ஆஸ்பத்திரி, பொலிஸ், நல்லதொரு துணிக்கடை எதற்கும் வெளியேதான் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் முழுசாகப் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதனால் ஊரில் யாராவது அரசாங்கக் கந்தோருக்குப் போக வேண்டியிருந்தால், சிங்களத்தில் கதைக்க வேண்டியிருந்தால், என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணினால் தீ மிதிக்க வைப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். என் கையில் இருந்த காப்பு அதற்காக.

மாமாவின் காப்பு வேறு காரியத்துக்கு.

இங்கே கடல் கொந்தளிக்கிற மாதங்களில் எங்கள் ஆட்கள் முல்லைத்தீவுக் கரைக்குப் போய், அங்கே ஓலைக் கொட்டிலாய் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்வது பழைய வழக்கம். மச்சான் சமாதான காலத்தில் அப்படிப் போனவர். அவர் திரும்புவதற்குள் வடக்கிலிருந்து வரும் பாதை பூட்டிவிட்டது. பிறகு யுத்தம். எல்லாம் முடிந்து முகாம்களிலிருந்து ஆட்கள் வந்தபோது, வந்தவர்களில் அவர் இல்லை. செத்துப்போனார் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. மாமாவோடு நான் ஏறி இறங்காத கந்தோர் கிடையாது. போகிற இடமெல்லாம் ஒரே கேள்விகள். மாமா தமிழில் சொல்வார், நான் சிங்களத்தில் சொல்வேன், எழுதுகிறவர் தலையை நிமிர்த்தாமல் எழுதுவார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

யுத்தம் முடிந்த அந்த வருடமே மாமி அம்மனிடம் ஒரு நேர்த்தி வைத்தார். ஐந்து வருடம் விடாமல் மாமா தீ மிதிப்பார், மாமி தீச்சட்டி எடுப்பார். ஆள் இருந்தால் ஆளைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஒரு செய்தியையாவது காட்ட வேண்டும். நடுவில் ஒரு வருடம் தவறினாலும் போனதெல்லாம் போனதுதான், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நாலு தீ முடிந்திருந்தது. விடிந்தால் ஐந்தாவது. மாமாவுக்கு மாமி புத்தளம் போய்ப் புது வேட்டி வாங்கி, மஞ்சளில் தோய்த்துக் காயவைத்து மடித்து வைத்திருந்தார். அதோடு விடவில்லை. அன்று காலையில் மச்சானின் பாயை எடுத்து வெயிலில் போட்டிருந்தார். நான் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

காப்புக் கட்டிய நாட்களில் எங்கள் ஊரில் சில விலக்குகள் உண்டு. மீன் சமைப்பதில்லை. தொழில் இல்லை. வள்ளங்களைக் கரையேற்றி, முகத்தை ஊர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவோம். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுக்கூட அந்த நாட்களில் வாயில் வரக் கூடாது. கடலில் குளிக்கலாம், அதற்குத் தடை இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய விலக்கு மரணத் தீட்டு. சவத்தைத் தொட்டவரின் காப்பை அறுத்துவிடுவார்கள். காப்பு அறுந்தவர் தீக்குழிப் பக்கமே வர முடியாது.

முதலில் கண்டது என் அம்மாதான். "அங்க என்ன, மீன் மாதிரி வெள்ளையா?" என்று கையைக் காட்டினார். திரை உடைகிற இடத்துக்கு அப்பால் ஒரு பைபர் போட் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்றில் கடல் கலங்கிச் சேற்று நிறமாக இருந்தது. ஒவ்வொரு திரைக்கும் அந்த இரண்டு தலைகளும் மறைந்து மறைந்து வந்தன.

"வள்ளத்தை இறக்குவமா அப்பா?" என்றார் மண்டாடியின் மகன்.

"இந்தத் திரைக்குள்ளயா? இறக்கினா நீயும் அவங்களோட சேர்ந்து தொங்குவாய். காப்புக் கையோட வள்ளத்தைத் தொடவும் ஏலாது."

பின்னால் நின்ற ஒருவர், "எதுக்கும் பூசாரியாரிட்ட ஒரு வார்த்தை கேட்டிட்டு..." என்று இழுத்தார்.

"ஓம், நீ போய்க் கேட்டிட்டு வா. வரும் வரைக்கும் தாழ வேணாம் எண்டு அவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ," என்றார் மண்டாடி.

சொல்லிக்கொண்டே அவர் கரைவலை வாடிக்குள் ஓடினார். வலையை விட்டுவிட்டு, அதன் நீளக் கயிற்றை மட்டும் உருவி இழுத்து வந்தார். அவருடைய மருமகன் கொஞ்சம் தயங்கினார். "மாமா, கயிறும் தொழில் சாமான்தானே?"

"கயிறு எப்பயடா மீன் பிடிச்சது? வலைதான் பிடிக்கும். கடல்ல குளிக்கிறதுக்குத் தடை இல்லத்தானே. ரெண்டு பேரும் போய்க் குளிச்சிட்டு வாங்க."

மகனும் மருமகனும் கயிற்றின் நுனியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்கள். நாங்கள் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். அவர்கள் போட்டை எட்டும்வரை கயிற்றை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தோம். ஒரு கை மேலே எழுந்தது. இழுக்கச் சொல்லும் அடையாளம்.

இழுத்தோம். கயிறு வரவில்லை. ஆளுக்கு ஆள் வேறு வேறு நேரத்தில் இழுத்தால் கரைவலைக் கயிறு அசையாது. அத்தனை கைகளையும் ஒன்றாக்குவது அம்பாதான், அதைத்தான் பாடக் கூடாது. நான் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று கத்திப் பார்த்தேன். "டேய், இதென்ன பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியா?" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். மண்டாடி ஒரு கணம் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அம்பாவைத் தொடங்கினார். எங்கள் வாய்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. கயிறு வந்தது.

இரண்டு பேரும் உயிரோடு கரைக்கு வந்தார்கள். ஒருவர் நடு வயதுக்காரர். மற்றவர் அவருடைய மச்சினர், கொஞ்சம் இளையவர். மச்சினர் மணலில் குப்புறக் கிடந்து கடல் தண்ணீரைக் கக்கிவிட்டு முதலில் சொன்ன வார்த்தை, "நோன்பு போயிட்டு மச்சான்." அது அவர்களுக்கு நோன்பு மாதம் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கற்பிட்டிப் பக்கத்து ஆட்கள். விடியப் போனவர்களின் எஞ்சின் நின்றுபோய், காற்றும் நீரோட்டமும் இங்கே கொண்டுவந்து தள்ளியிருக்கிறது.

நடு வயதுக்காரர் எழும்பி உட்கார்ந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தம்பி எங்க? என்ட தம்பி?"

நீந்திப் போன இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். மண்டாடியின் மகன் தெற்குப் பக்கம் மெதுவாகக் கையைக் காட்டினார். அங்கே திரைகளுக்கு நடுவில் ஒரு நீலச் சட்டை குப்புற மிதந்துகொண்டிருந்தது. தலை தண்ணீருக்குள். கை கால் அசையவில்லை. நீரோட்டம் அதைக் களப்பு வாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. களப்புத் தண்ணீர் கடலில் விழுகிற அந்த இடத்தில் எது அகப்பட்டாலும் வெளிக்கடலுக்குத்தான் போகும். திரும்பி வந்ததை எங்கள் ஊரில் ஒருவரும் கண்டதில்லை.

அண்ணன்காரர் திரும்பவும் கடலுக்குள் ஓடப் பார்த்தார். நாலு எட்டு வைப்பதற்குள் விழுந்தார். இரண்டு பேர் அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

எங்கள் கரையில் போன் சிக்னல் கிடைப்பது கரையேற்றிய வள்ளத்தின் மேல் ஏறி நின்றால்தான். நான் ஏறிப் பொலிசுக்கு எடுத்துச் சிங்களத்தில் சொன்னேன். நேவிக்கு அறிவிக்கிறோம், அவர்கள் வருவார்கள் என்றார்கள். எப்போது என்று கேட்டேன். வருவார்கள் என்றார்கள். இறங்கி வந்து எல்லோருக்கும் சொன்னேன்.

"அப்ப நேவி எடுக்கட்டும்," என்றார் மண்டாடி. "உசிருள்ளத எடுத்திட்டம். இனி அது..." அவர் முடிக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. அங்கே நின்ற ஒவ்வொரு காப்புக்குப் பின்னாலும் ஒரு வீட்டின் கவலை இருந்தது. அவருடைய காப்பு, பிள்ளை தங்காத மகளுக்காக. அவர் மகனுடையது, நடக்க முடியாத குழந்தைக்காக. காப்பு இல்லாத ஒரு கை, ஒரே ஒரு கை, அன்று அந்தக் கரையில் இருந்திருந்தால் போதும். அவர்கள் எல்லோரும் எங்கோ காட்டில் விறகு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மாமாவைப் பார்த்தேன். அவர் கயிற்று நுனியை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "மாமா, நேவி வருது. நான் கதைச்சிட்டன். அவங்க எடுப்பாங்க. நாளைக்கு உங்கட அஞ்சாவது..."

"தெரியும் தம்பி."

"நாலு வருசம் மாமா."

அவர் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார். கோபம் இல்லை. கந்தோரில் கேள்விக்குப் பதில் சொல்கிற அதே குரல்.

"அந்தக் கரையில உன்ட மச்சான் கிடந்தா, யாராவது ஒரு மனிசன் தூக்கியிருப்பான் எண்டு நினைச்சித்தான் நான் சோறு தின்னுறன். இவன விட்டிட்டா நாளையிலயிருந்து அத எப்பிடி நினைக்கிறது?"

மாமிக்குக் கேட்டுவிட்டது. அவர் ஓடிவந்து மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நாளைக்கு! ஒரேயொரு நாள்! விடிஞ்சா தீ! ஐயோ, என்ட பிள்ளையின்ட செய்திய இந்தத் தண்ணிக்குள்ளயா போடப் போறீங்க?" மாமி அப்படிக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. மச்சான் வராத அன்றுகூட அவர் கத்தவில்லை.

மாமா அவருடைய கையை மெதுவாக எடுத்துவிட்டார். எங்களைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க கயித்த மட்டும் தொடுங்க. அவன நான் தொடுறன். தீட்டு என்னோட நிக்கட்டும்."

அவர் திரைக்குள் போனார். ஐம்பது தாண்டிய ஆள். நாங்கள் கயிற்றை விட்டுக்கொடுத்துக்கொண்டு கரை வழியே தெற்கே நடந்தோம், பிறகு ஓடினோம். ஒரு தடவை அவர் தலை வெகு நேரம் தெரியவில்லை. மாமி மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு களப்பு வாய்க்குக் கொஞ்சம் முன்னால், நீலச் சட்டைக்குப் பக்கத்தில், அவருடைய கை மேலே எழுந்தது.

மண்டாடி கயிற்றின் முன்னால் போய் நின்றார். இந்த முறை அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே அம்பாதான். ஆனால் அதை அவ்வளவு மெதுவாக யாரும் பாடி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பிறகும் கேட்டதில்லை.

மாமா அந்தப் பையனைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து முழங்கால் தண்ணீரில் நின்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஒவ்வொரு திரையும் இருவரையும் பின்னால் இழுத்தது. அண்ணன்காரர் தவழ்ந்து வந்து தூக்கப் பார்த்தார். பிடி நழுவியது. நாங்கள் அத்தனை பேரும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். ஐந்தாறு எட்டுத் தூரம்தான். அந்தத் தூரத்தைத் தாண்ட ஒருவராலும் முடியவில்லை. நானும் கயிற்றோடுதான் நின்றேன்.

மாமி எழுந்து வந்தார். எங்களைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினார்.

"நீங்க தலைப்பக்கம் பிடிங்க," என்றார். "கால நான் பிடிக்கிறன்."

இரண்டு பேருமாக அவனைத் தூக்கி வந்து வள்ளத்து நிழலில் கிடத்தினார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். மச்சான் எங்களைவிட்டுப் போனபோது அவருக்கும் அந்த வயதுதான். மாமி அவன் கண்களை மூடிவிட்டார். மூக்கிலும் காதிலும் ஒட்டியிருந்த மணலைத் தன் முந்தானையால் துடைத்தார். பிறகு வீட்டுக்கு நடந்தார். திரும்பி வரும்போது அவர் கையில் அந்தப் புது மஞ்சள் வேட்டி இருந்தது. மடிப்பு உதறி அவனை முழுசாக மூடினார். "இனி இது அவருக்குத் தேவைப்படாது," என்று என் அம்மாவிடம் சொன்னார்.

பூசாரியாருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மாமாவும் மாமியும் குளித்துவிட்டு ஈர உடையோடு கோயில் தெருவின் எல்லைக்கு வெளியே போய் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே போனார்கள். பூசாரியார் சின்ன அரிவாளோடு வந்தார். அவரும் எங்கள் ஊர் ஆள்தான், மச்சானோடு ஒரே வகுப்பில் இருந்தவர். மாமா கையை நீட்டினார். பூசாரியாருக்குக் கை ஓடவில்லை.

"அறுத்தா திரும்ப ஒண்டிலயிருந்துதான் ஐயா," என்றார். "எனக்கு வேற மாதிரிச் சொல்லத் தெரியாது."

"ஓம். தெரியும். அறு தம்பி."

முதலில் மாமாவுடையது. பிறகு மாமியுடையது. இரண்டு மஞ்சள் நூலும் மணலில் விழுந்தன. அம்பா பாடியதைப் பற்றிப் பூசாரியார் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பொலிசும் மரண விசாரணை அதிகாரியும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே பாலாவிப் பக்கமிருந்து ஒரு வேன் வந்தது. அதிலிருந்து வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் இறங்கினார். பையனின் வாப்பா. மணலில் செருப்பு புதைய, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துவர நடந்து வந்தார். மஞ்சள் வேட்டியின் தலைப்பைத் தூக்கிப் பார்த்தார். ஏதோ ஓதினார். அழவில்லை. வேட்டியைத் திரும்ப மூடிவிட்டு, "எடுத்தது யாரு?" என்று கேட்டார். மூத்த மகன் மாமாவையும் மாமியையும் காட்டினார்.

பெரியவர் மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தன அல்லாஹ் எடுத்துக்கிட்டான். அவன்ட நாட்டம். நீங்க அவன்ட மையத்தத் தந்தீங்க. என்ட புள்ளய அடக்கிட்டு, போய் நிக்க எனக்கு ஒரு எடம் இரிக்கி இனி. அது இல்லாம ஒரு வாப்பா எப்பிடி இரிக்கிற?"

அவருக்கு எங்கள் மாமாவின் கதை தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

மாமி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பெரியவர் வாங்கிக்கொண்டார். ஆனால் குடிக்கவில்லை. "நோன்பு, தங்கச்சி. கொஞ்சம் பொறுக்கணும்," என்றார். எங்கள் ஊரில் பள்ளிவாசல் இல்லை, பாங்கு சத்தம் கேட்காது. அவர் செம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் அவரோடு சேர்ந்து சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பொலிஸ்காரர்கள்கூட எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள். சூரியன் முழுக்க இறங்கியதும் அவர் மெல்ல ஏதோ சொல்லிவிட்டு அந்தத் தண்ணீரைக் குடித்தார். மூத்த மகனுக்கும் கொடுத்தார். காலையிலிருந்து விரதத்தில் இருந்த மாமி, காப்பு இல்லாத வெறும் கையோடு அவர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையனின் உடலை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். வேன் புறப்பட்டது. அதன் சிவப்பு வெளிச்சம் இறால் பண்ணைப் பக்கம் திரும்பி மறையும்வரை மாமி நின்றார்.

"குடுத்து வச்ச மனிசன்," என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. பெற்ற பிள்ளையின் உடலை ஏற்றிக்கொண்டு போகிறவரைப் பார்த்து ஒரு தாய் அப்படிச் சொல்வார் என்று எப்படி நினைப்பேன்? விளங்கியபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய், காலையில் வெயிலில் போட்ட பாயை எடுத்துச் சுருட்டி உள்ளே வைத்தார்.

அடுத்த நாள் நான் தீ மிதித்தேன். சுட்டதா என்று பின்னால் பலர் கேட்டார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. தீக்குழியைக் கடந்து நிமிர்ந்தபோது, சனத்துக்கு வெகு தூரத்தில், தெரு எல்லைக்கு வெளியே இரண்டு பேர் கும்பிட்டபடி நின்றார்கள். மாமா பழைய வெள்ளைச் சாரம் கட்டியிருந்தார்.

அடுத்த ஆடியில் மாமாவும் மாமியும் திரும்பக் காப்புக் கட்டினார்கள். ஒன்றாவது தீ. தீ மிதிக்கிற அன்று காலை பஸ்ஸில் அந்தப் பெரியவர் வந்து இறங்கினார். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் மாமா வீட்டுப் படலைக்கு வெளியே நின்றார். அவர் கையில் ஒரு கடைப் பை. போன வருடம் நடந்தது முழுவதும் மண்டாடியின் மகன் மூலம் அவர் காதுக்குப் போயிருந்தது.

"புத்தளத்துல போய் மஞ்சள் வேட்டி ஒண்டு தாங்க எண்டு கேட்டன்," என்று மாமாவிடம் சொன்னார். "கடக்காரன் என்ன ஏற எறங்கப் பாக்கிறான். யாருக்கு ஹாஜியார் எண்டான். என்ட தம்பிக்கு எண்டன். இது சரியான சாமானா, இல்ல கடக்காரன் ஏமாத்திட்டானா தெரியா. பாருங்க."

அது நாலு முழமா எட்டு முழமா என்று விரித்துப் பார்த்தோம். எட்டு முழம். சரியான சாமான்தான். கடைச் சாயம் போதாதென்று மாமி அதை வாங்கி மஞ்சளில் தோய்க்கக் கொண்டுபோனார். பெரியவரை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார்கள்.

இதெல்லாம் நடந்து வருடங்கள் போய்விட்டன. நான் படித்து முடித்து இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். மாமா ஒன்றிலிருந்து தொடங்கி ஐந்தையும் முடித்தார். முதல் முறை அவர் நடந்ததுபோல் இல்லை, முழங்கால் வளைந்துவிட்டிருந்தது. மச்சானைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. அம்மன் மேல் மாமிக்குக் கோபமா என்று ஒரு நாள் கேட்டேன். "அவ என்ன செய்வா," என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டார். நாலு தீ வீணாகப் போனதைப் பற்றி மாமா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

காணாமல் போனவர்களைப் பற்றி யார் கதைத்தாலும் எனக்கு அந்த நீலச் சட்டைதான் கண்ணுக்குள் வருகிறது. நான் பார்த்திராத ஏதோ ஒரு கரையில், பேர் தெரியாத ஒரு மனிதனும் மனுஷியும் எங்கள் மச்சானையும் தலைப்பக்கமும் கால்பக்கமும் பிடித்துத் தூக்கி நிழலில் கிடத்தியிருப்பார்கள் என்று இப்போது நானும் நினைத்துத்தான் சோறு தின்கிறேன். அப்படி நினைக்கிற உரிமையை எங்கள் குடும்பத்துக்கு வாங்கித் தர மாமாவும் மாமியும் கொடுத்த விலை, நாலு தீ.